நோய் தந்ததா, நோய் நீங்கியதால் வந்ததா? மேதைமையும் மேகப்புண்ணும் பற்றிய ஒரு பார்வை

கேள்வியின் வயது

கலையாற்றலுக்கும் கலைஞரின் உடலைப் பற்றிய நோய்க்கும் உறவு உண்டா என்ற கேள்வி, அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் வினாத் தொகுப்பு ஒன்றில், மெய்யியலிலும் கவிதையிலும் சிறந்தோர் ஏன் கரும்பித்தம் மிகுந்தவர்களாகக் காணப்படுகிறார்கள் என்று கேட்கப்பட்ட காலம் தொட்டு இருந்துவருகிறது. விடை மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. பண்டைக் கிரேக்கர் பித்தத்தைச் சுட்டினர். 1864இல் இத்தாலிய மருத்துவர் சேசரே லோம்புரோசோ, மேதைமை என்பதே ஒருவகை மனப்பிறழ்வு என்று நூல் எழுதினார். அதன்பின் காசநோயும், சிபிலிஸ் எனப்படும் மேகப்புண்ணும் அந்த இடத்துக்கு வந்தன. இவற்றுள் மேகப்புண்ணைப் பற்றிய கருத்து தனித்தன்மை உடையது. பாலுறவால் தொற்றி, பல ஆண்டுகள் உடலுக்குள் ஒளிந்திருந்து, இறுதியில் சிலருக்கு மூளையையே தாக்கும் நோய் அது என்பதால், பாவம், மறைவு, வெறி, ஒளி ஆகிய நான்கையும் ஒரே கதைக்குள் அடக்க அது இடம் கொடுத்தது.

தமிழ் மரபும் இக்கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. எனினும் அந்த விடையின் திசை வேறு. ஐரோப்பியக் கதையில் நோய் கலையைக் கொடுக்கிறது. தமிழ்க் கதையில் நோய் நீங்கும்போதோ, நோயை நீக்கும் அருள் இறங்கும்போதோ பாட்டுப் பிறக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் இடம்பெறாத மூன்றாவது ஒரு வரலாறு தென்படுகிறது. நோயின் பெயரைச் சொல்லியே சிலரிடமிருந்து கலை பறிக்கப்பட்ட வரலாறு அது.

ஐரோப்பாவின் விடை

1495இல் நேப்பிள்ஸ் நகரை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையினரிடையே பரவியதாக முதலில் பதிவான இந்நோய்க்கு, 1530இல் இத்தாலிய மருத்துவர் பிரகாஸ்தோரோ எழுதிய இலத்தீன் கவிதையின் நாயகனான சிபிலிஸ் என்ற இடையனின் பெயரே நிலைத்தது. நோய்க்கிருமியான திரெப்போனிமா 1905இல்தான் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு வாசர்மனின் இரத்தச் சோதனை வந்தது. 1913இல் நோகுச்சியும் மூரும், அறிவுத்திரிபும் தசைத்தளர்ச்சியும் சேர்ந்து வரும் பக்கவாத நோயாளிகளின் மூளையில் அதே கிருமியைக் காட்டினர். 19ஆம் நூற்றாண்டின் கலைஞர்களுள் யாருக்கு இந்நோய் இருந்தது என்ற கேள்விக்குச் சோதனைச் சான்று எதுவும் இருக்க இயலாது என்பதை இந்த ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன.

மேதைமையை நோயோடு இணைப்போர் பெரிதும் நம்பியிருப்பது நீட்சேயின் வாழ்க்கை. 1889 சனவரியில் தூரின் நகரில் அவர் நிலைகுலைந்தார். மருத்துவமனை அதை மேகப்புண்ணின் மூளைப் பாதிப்பாகக் குறித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் ஒன்றன்பின் ஒன்றாக நூல்களை எழுதி முடித்திருந்தார். நோயின் பிற்பகுதியில் சிலருக்குத் தோன்றும் எல்லையற்ற களிப்பும் தன்னைப் பேருருவாகக் காணும் மயக்கமும் அந்த எழுத்து வேகத்துக்குக் காரணம் என்பது வாதம். தாமஸ் மான் 1947இல் வெளியிட்ட 'டாக்டர் பாஸ்டஸ்' நாவலில், இசையமைப்பாளன் ஒருவன் தெரிந்தே இந்நோயை வரவழைத்துக்கொண்டு இருபத்துநான்கு ஆண்டு மேதைமையைப் பெறுகிறான். நீட்சேயின் சாயலில் உருவான அந்தப் புனைவுப் பாத்திரம், பின்னர் வந்த வாசகர்கள் பலருக்குச் சான்றாகவே தோன்றத் தொடங்கியது. இந்த வகைக் கருத்துகள் வளர்வதில் இலக்கியம் எத்தனை பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இவ்வாதத்தின் முதற்குறை நோயறிதலே. நீட்சேக்கு இருந்தது மூளையுறைக் கட்டியாக இருக்கலாம் என்றும், மரபுவழி இரத்தக்குழாய் நோயாக இருக்கலாம் என்றும் 2003 முதல் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். அவையும் முடிவானவை அல்ல. இரண்டாவது குறை காலவரிசை. மேகப்புண் இருந்ததாகப் பெரும்பாலோர் ஏற்கும் சூபர்ட், அந்நோய் பற்றுவதற்கு (1822-23) ஏழெட்டு ஆண்டுகள் முன்பே, பதினேழு பதினெட்டு வயதில், தம் புகழ்பெற்ற பாடல்களுள் சிலவற்றை இயற்றிவிட்டார். மாப்பசான் 1870களில் புளோபேரிடம் பெற்ற கடும்பயிற்சியின் பின் 1880 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகளில் முந்நூறு கதைகள் எழுதினார். நோய் மூளையை எட்டியபோது அவர் எழுத்து கூர்மை பெறவில்லை, நின்றது. 1893இல், நாற்பத்திரண்டு வயதில், மனநல இல்லம் ஒன்றில் இறந்தார்.

ஒரு சான்று மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாதது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1985இல் வெளியிட்ட நூலில் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவரைப் பற்றி எழுதுகிறார். இளமையில் தொற்றிய கிருமி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் மூளையில் விழித்துக்கொள்ள, எண்பத்தெட்டு வயதுக்குமேல் அவருக்குப் புதிய துடிப்பும் களிப்பும் வந்தன. நோய் மேலும் முற்றாமல் தடுக்க வேண்டும், ஆனால் அந்தத் துடிப்பு போய்விடக் கூடாது என்பதே அவர் விருப்பம். நோய் மனநிலையை உயர்த்தக்கூடும் என்பதை இது காட்டுகிறது. உயர்ந்த மனநிலை ஒரு சிம்பொனியையோ சிறுகதையையோ ஆக்கும் என்பதை இது காட்டவில்லை. அந்த இடைவெளியைத்தான் வாதிடுவோர் பேசாமல் கடந்துவிடுகிறார்கள்.

பறங்கிப்புண்ணும் மேகமும்

இந்திய மண்ணில் இந்நோயின் பெயரே அதன் வருகையைச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பாவப்பிரகாசம்' என்ற வடமொழி மருத்துவ நூல் இதைப் பிரங்க ரோகம் என்கிறது. தமிழில் அது பறங்கிப்புண். போர்த்துக்கீசியரைக் குறித்த சொல்லே நோய்க்கும் அடைமொழியாயிற்று. கோவாவில் வாழ்ந்த கார்சியா டா ஓர்ட்டா 1563இல் அச்சிட்ட நூலில், சீனாவிலிருந்து வந்த ஒரு கிழங்கு இந்நோய்க்குத் தரப்படுவதை விரித்துரைக்கிறார். அக்கிழங்குதான் சித்த மருத்துவக் கடைகளில் இன்றும் பறங்கிப்பட்டை என்ற பெயரில் கிடைப்பது. ஆகவே பறங்கிப்புண்ணையும் பறங்கிப்பட்டையையும் பாடும் சித்த மருத்துவச் செய்யுள்கள், எந்த முனிவரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இன்றுள்ள வடிவில் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை என்றே கொள்ள வேண்டும்.

மேகநோய் என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். அது சிறுநீர் தொடர்பான கோளாறுகளைக் குறித்த 'மேகம்' என்ற பழஞ்சொல்லிலிருந்து வருவது; நீரிழிவையும் வெட்டையையும் தோல் வெடிப்புகளையும் அது ஒரு காலத்தில் சேர்த்தே குறித்தது. கிரந்தி, அரையாப்பு, மேகப்புண் என்ற பெயர்கள் பின்னர் தனித்தனியே பிரிந்தாலும், பழைய ஏடு ஒன்றில் மேகம் என்று கண்டவுடன் சிபிலிஸ் என்று பொருள்கொள்வது பிழையாகும். இதே குழப்பம் பெருநோய் என்ற சொல்லிலும் உண்டு. தோலை அழிக்கும் எந்த நோயும் பெருநோய்தான். தொழுநோய்க் கிருமியை ஆன்சன் 1873இல் கண்ட பின்னரும் அந்தக் குழப்பம் மக்கள் மனத்தில் நீடித்தது. எம்.ஆர்.ராதா மேடையிலும் 1954இல் திரையிலும் நடித்த 'இரத்தக்கண்ணீர்', பரத்தையிடம் சென்றவனுக்குத் தொழுநோய் வருவதாகக் காட்டியது. தொழுநோய் பாலுறவால் வருவதன்று. ஆனால் பாலுறவுப் பாவத்துக்குரிய தண்டனை தோலில்தான் தெரிய வேண்டும் என்ற நம்பிக்கை மருத்துவத்தைவிட வலுவாக இருந்தது.

அருணகிரிநாதர்: கதையும் காலமும்

தமிழில் இக்கேள்வியின் நடுவே நிற்பவர் அருணகிரிநாதர். இளமையில் தமக்கையின் பொருளையெல்லாம் பரத்தையரிடம் அழித்து, பெருநோய் பற்றி, மனம் வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தார், முருகன் தாங்கி, நோய் நீக்கி, பாடப் பணித்தான், திருப்புகழ் பிறந்தது. இதுவே நாடறிந்த கதை. டி.எம்.சௌந்தரராஜன் நடித்து 1964இல் வெளிவந்த படம் அதை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. கதைசொல்லிகள் சிலர் அந்த நோயைத் தொழுநோய் என்றனர். சிலர் மேகநோய் என்றனர். அண்மைக்காலத்தில் பால்வினை நோய் என்று நேரடியாகவே சொல்வோரும் உண்டு.

கடைசியாகச் சொன்ன பொருள் காலத்தோடு பொருந்துவது கடினம். திருப்புகழில் பிரபுடதேவ மன்னன் குறிப்பிடப்படுவதைக் கொண்டு, 1446வரை ஆண்ட விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் காலத்தவர் அருணகிரி என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். மேகப்புண் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து கப்பல்வழி ஆசியாவுக்கும் வந்தது என்ற கருத்து சரியானால், அருணகிரிநாதருக்கு அது வந்திருக்க வழியே இல்லை. அக்கருத்தை மறுத்து, இந்நோய் பழைய உலகில் முன்பே இருந்தது என்போரும் உண்டு. ஆயினும் 2024இல் வெளியான பழங்கால எலும்புகளின் மரபணு ஆய்வு, இக்கிருமிக் குடும்பத்தின் வேர் அமெரிக்காவில் இருப்பதையே வலியுறுத்தியது.

பாடல்களையே சான்றாகக் கொள்ளலாமே என்றால், அங்கும் நிலம் உறுதியானதன்று. திருத்தணித் திருப்புகழ் ஒன்று இருமல், முயலகன், வாதம், நீரிழிவு என்று நோய்களை அடுக்கி, அவை எந்தப் பிறவியிலும் தன்னை வருத்தாதிருக்க வேண்டுகிறது. அத்தனை நோயும் ஓர் உடலில் இருந்திருக்க முடியாது. அது மனித உடல் முழுமைக்குமான வேண்டுதல். பரத்தையர் பின் அலைந்து கெட்டேன் என்று பாடும் தன்மைக்குரலும் அவ்வாறே. பட்டினத்தார் முதல் தாயுமானவர் வரை, பக்தி மரபில் 'நான்' என்பது பாடுவோர் ஒவ்வொருவரும் புகுந்துகொள்ளும் இடம். அதை ஒருவரின் தன்வரலாறாகப் படிப்பது அந்தக் குரலின் கொடையைக் குறைத்துவிடுகிறது. சிதறிக் கிடந்த திருப்புகழ்ப் பாடல்களை வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஏடுதேடித் திரட்டி 1894 முதல் அச்சேற்றினார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அருணகிரியின் வரலாற்றையும் நூல்களையும் ஆராய்ந்து எழுதினார். அந்தத் தந்தையும் மகனும் செய்த பணியால்தான், கதையிலிருந்து பாடலைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பே இன்று உள்ளது.

ஆனால் கதை பொய்யென்று காட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடக் கூடாது. அது ஏன் அந்த வடிவில் சொல்லப்பட்டது என்பதே முக்கியம். திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்துத் திருவதிகையில் பாடிய பதிகத்தோடு அவர் தேவாரம் தொடங்குவதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகமும் சூலையைச் சொல்கிறது. சுந்தரர் பார்வை இழந்து, ஊர் ஊராகப் பாடிப் பார்வை பெறுகிறார். குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடுகிறார். மலையாள நாட்டில் மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி வாதநோயோடு குருவாயூரில் அமர்ந்து நாராயணீயம் இயற்றுகிறார். இவற்றிலெல்லாம் நோய் ஆற்றலின் ஊற்று அன்று. அது கதவைத் தட்டும் கை. ஆற்றல் வருவது வேறோரிடத்திலிருந்து. மேகப்புண் மேதையைச் செய்தது என்ற ஐரோப்பியக் கருத்தை அருணகிரி கதையோடு ஒப்பிட்டு, இங்கும் அதே எண்ணம் இருந்தது என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

காசநோயின் மகுடம்

20ஆம் நூற்றாண்டில் தமிழ் வாசகர் மனத்தில் மேதையின் நோயாக அமைந்தது காசநோய். கீட்சும் செகாவும் காப்காவும் இறந்த அதே நோய் 1948 சூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தனையும் கொண்டுபோனபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. காசநோயாளியின் காய்ச்சலோடு ஒரு நம்பிக்கைப் பெருக்கும் வருகிறது, அது படைப்பைத் தூண்டுகிறது என்று மேலை மருத்துவர்கள் சிலர் 1940கள் வரையிலும் எழுதிவந்தனர். அந்த எண்ணம், வறுமையில் எரிந்து அணைந்த மேதை என்ற உருவத்தோடு கலந்து இங்கும் பரவியது.

புதுமைப்பித்தனின் காலவரிசை இதற்கு எதிராக நிற்கிறது. ஏறத்தாழ நூறு கதைகளுள் மிகப் பெரும்பகுதி 1930களின் நடுவிலிருந்து 1940களின் நடுப்பகுதிக்குள் எழுதப்பட்டது. 'மணிக்கொடி' இதழில் அவர் கை வேகமாக ஓடிய ஆண்டுகள் அதன் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. நோய் முற்றியது 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனேயில் இருந்தபோது. 1948இன் 'கயிற்றரவு' சாவின் நிழலில் எழுதப்பட்டதென்பது உண்மையே. ஆனால் சாவைப் பற்றிய அந்த நோட்டம் 'செல்லம்மா'ளிலும் 'மகாமசான'த்திலும் முன்பே முதிர்ந்திருந்தது. அவருக்கு நோய் கொடுத்தது எதுவுமில்லை. எடுத்துக்கொண்டது, எழுதப்படாமல் போன நாவல்களை. காசநோய்க்கு மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது அவர் இறந்த பிறகே; வீட்டிலேயே மருந்து உண்டு குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையத்தில், நகரின் ஏழை நோயாளிகளிடையே நடந்தது.

கணித மேதை இராமானுஜனின் நிலை இன்னும் நுட்பமானது. இங்கிலாந்தில் 1917இல் அவருக்குக் காசநோய் என்று கருதி மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவர், பின்னாளில் தாம்பரம் சானடோரியத்தை நிறுவிய சவரிமுத்து. 1994இல் மருத்துவர் யங் பழைய பதிவுகளை ஆராய்ந்து, அது காசநோயன்று, குணப்படுத்தக்கூடிய ஈரல் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். 1920 சனவரியில், இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, போலித் தீட்டா சார்புகளைப் பற்றி கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், 1976இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஆன்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த குறிப்பேடு'ம் நோய்ப்படுக்கையின் விளைச்சல். ஆகவே நோய் அவரைத் தூண்டியது என்போர் உளர். ஆனால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளைக் கொண்ட முதற்குறிப்பேடுகள் 1914இல் கப்பலேறும் முன்பே நிறைந்துவிட்டன. நோயிலும் அவர் கணக்கை விடவில்லை என்பதுதான் சான்று சொல்வது. இதை நோயால் என்று மாற்றும்போது, வலியோடு போராடிய ஒருவரின் உழைப்பு அவரிடமிருந்து பிடுங்கிக் கிருமிக்குக் கொடுக்கப்படுகிறது.

நோய் கலையைப் பறித்த இடம்

சாக்ஸ் எழுதிய மூதாட்டியைத் தவிர, மேற்சொன்ன விவாதங்கள் அனைத்திலும் நோயாளி ஆண். மேகப்புண்ணும் கலையும் சென்னை மாகாணத்தில் உண்மையாகவே சேர்த்துப் பேசப்பட்ட இடம் வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே படைவீரர்களின் நலம் கருதி, நோயுற்றவர் என ஐயுறப்பட்ட பெண்களை அடைத்து வைத்து மருத்துவம் செய்யும் 'லாக் ஆஸ்பத்திரி'கள் இயங்கின. 1868இன் தொற்றுநோய்ச் சட்டம் பெண்களைப் பதிவு செய்து சோதிக்க வழிசெய்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 1888இல் நீக்கப்பட்டது. 1890களில் நாட்டிய எதிர்ப்பு இயக்கம் எழுந்தபோது, ஆடலும் பாடலும் பரம்பரையாகக் காத்த தாசியர் நோயின் ஊற்றாகவும் சித்திரிக்கப்பட்டனர்.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் நடத்திய போராட்டத்தின் நோக்கம், சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதல் என்ற கொடுமையிலிருந்து மீட்பது. அந்த அறத்தில் ஐயமில்லை. 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதிய நாவல் அந்த வாழ்வின் சிறையை உள்ளிருந்து காட்டியது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், பொட்டுக்கட்டுதலைக் கண்டிப்பதும் தங்கள் குலத்தின் கலையை இழிவென்பதும் ஒன்றல்ல என்று எதிர்வாதம் வைத்தனர். 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கொடுமை முடிவுக்கு வந்ததோடு, பல குடும்பங்களில் சதிரும் பதமும் நின்றன. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரசுவதி போன்ற சிலரே அதைத் தொடர்ந்தனர். பாரிசில் நோயுற்ற கவிஞனுக்கு மேகப்புண் ஒளிவட்டம் ஆயிற்று. சென்னையில் நோயுற்றிராத ஆடல்மகளுக்கும் அதே நோயின் பெயர் கறையாயிற்று. நோய்க்கும் மேதைமைக்கும் உறவு தேடும் நூல்கள் பெரும்பாலும் இந்த வரலாற்றைக் காண்பதில்லை. கண்டால், உறவு என்று அவை அழைப்பது பல நேரங்களில் உடலைப் பற்றியதன்று, யாருடைய உடலைச் சமூகம் எப்படிப் படிக்கிறது என்பதைப் பற்றியது என்று தெரியும்.

வகுக்கும் எண்

நோயுற்ற மேதைகளின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், அதை எதனால் வகுப்பது என்ற கேள்வி நிற்கிறது. 1770களின் இலண்டனில் முப்பத்தைந்து வயதுக்குள் ஐவரில் ஒருவருக்கு மேலாக மேகப்புண் தொற்றியிருந்தது என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தகைய நகரில் கவிஞருள் ஐவரில் ஒருவர் நோயாளி என்றால், அது கவிதையைப் பற்றி எதையும் சொல்லாது. வண்டிக்காரருள்ளும் அதே அளவு இருந்திருக்கும்.

காசநோய்க்கும் இது பொருந்தும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர் முதல் தெற்கே சாத்தூர், கோவில்பட்டி வரை விரியும் கரிசல் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் இளமையில் காசநோய்க்கு ஆளானவர். முப்பது வயதைத் தாண்டி எழுதத் தொடங்கியவர். 2021இல் தொண்ணூற்றெட்டு வயதில் மறைந்தவர். நோய்ப்படுக்கை அவருக்கு எழுத்தைக் கொடுத்தது என்று சொல்ல ஆசை எழலாம். ஆனால் அதே இருமலோடு தீப்பெட்டிக் குச்சி அடுக்கியும் பருத்தி எடுத்தும் மறைந்தவர்கள் இந்தச் சிற்றூர்களில் எத்தனையோ பேர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. கி.ரா.வுக்கும் அவர் ஊர்த் தோழர் கு.அழகிரிசாமிக்கும் பொதுவாக இருந்தவை இசைப்பித்தும், கடிதமும், பொதுவுடைமை இயக்கத்தின் வாசிப்பும், கரிசல் மக்களின் வாய்மொழியும். எழுத்தின் காரணத்தை அங்குத் தேடுவதே முறை.

இன்னும் திறந்திருப்பவை

மேகப்புண் படைப்பாற்றலைத் தருகிறது என்ற வலுவான கருத்துக்கு இன்று ஆதரவு மிகக் குறைவு. 1943இல் பெனிசிலின் இந்நோயைக் குணமாக்கும் என்று தெரிந்தபின் மூளையைத் தாக்கும் இறுதிக்கட்டம் அரிதாயிற்று, கலை அரிதாகவில்லை. மனநோயைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு எளிதன்று. 1987இல் நான்சி ஆண்ட்ரியாசன் முப்பது அமெரிக்க எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு, அவர்களுள் எண்பது விழுக்காட்டினருக்கு மனநிலைக் கோளாறு இருந்ததாக எழுதினார். எழுத்தாளர் யார் என்று தெரிந்தே அவர் ஒருவரே மதிப்பிட்டார் என்பது அதன் குறை. 2013இல் சுவீடனில் ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பொதுவாகப் படைப்புத் தொழிலினருக்கு மனநோய் மிகுதியாக இல்லை என்றும், இருமுனை மனநோய் மட்டும் விலக்கு என்றும், எழுத்தாளர்களைத் தனியே பார்க்கையில் அவர்கள் பல மனநோய்களுக்கு மிகுதியாக ஆளாகின்றனர் என்றும் தெரிந்தது. எழுத்து நோயை வரவழைக்கிறதா, நோயுற்றோர் எழுத்தை நாடுகின்றனரா, இரண்டுக்கும் வேறொரு பொதுவேர் உண்டா என்பதை அந்தப் பதிவுகள் தீர்மானிக்கவில்லை.

நோய் தரும் ஓய்வைப் பற்றிய எளிய கருத்தும் தனியே ஆராயத்தக்கது. கண்புரையால் அரசுப் பணியை விட்ட கு.ப.ராஜகோபாலனும், குழந்தைப் பருவ நோயால் பள்ளிப்படிப்பு முறிந்து வீட்டில் கிடந்த சுந்தர ராமசாமியும் பின்னர் எழுத்தாளர்களாயினர். இங்கு நோய் மூளையைத் தூண்டவில்லை. வழக்கமான வாழ்க்கைப் பாதையை மறித்தது. அப்படி மறிக்கப்பட்ட நேரம் யாருக்கு வாசிப்பாக மாறுகிறது, யாருக்கு வெறும் பசியாக மாறுகிறது என்பது, வீட்டில் புத்தகம் வாங்கவும் நோயாளியை உட்கார வைத்துச் சோறிடவும் இயன்றதா என்பதைப் பொறுத்தது. தமிழ் எழுத்தாளர்களின் நோயையும் வருவாயையும் வாசிப்பையும் ஒன்றாக வைத்து எழுதப்படும் வரலாறு ஒன்றே இதற்கு விடை தர இயலும்.